போன்ல எடுத்த வீடியோவை டிவிடி பிளேயர்ல ஓட்டுறது எப்படி? (கேள்வியும் அதுக்குக் கீழ சேர்ந்த குறிப்புகளும்)

வாசகர் கேள்வி. 5 ஜூன் 2016

அண்ணே, பெரியப்பாவோட அறுபதாம் கல்யாணம் போன மாசம் நடந்துச்சு. வீடியோ எல்லாம் போன்ல எடுத்தது, எம்பி4, மொத்தம் மூன்றரை மணி நேரம் வருது. பெரியம்மா வீட்ல பழைய டப்பா டிவியும் ஒரு டிவிடி பிளேயரும்தான் இருக்கு. டேட்டா டிஸ்க்னு போட்டு எம்பி4-ஐ அப்படியே எழுதிக் கொடுத்தேன், பிளேயர் அன்னோன் டிஸ்க்னு காட்டுது. ஃபைல் பேர்ல கடைசியில வாப்னு (டிவிடியில இருக்கிற வீடியோ ஃபைலோட பேர்) மாத்தினா ஓடும்னு ஒருத்தர் சொல்றார், நெஜமா? ஒரே டிஸ்க்ல அடங்கணும், மெனு வேணும், தாத்தாவுக்கு காது கேக்காது, அதனால கீழ தமிழ் எழுத்தும் ஓடணும். எந்த சாஃப்ட்வேர் பெஸ்ட்?

5 ஜூன் 2016, இரவு

பேரை மாத்தினா ஓடாது தம்பி. வாப்ங்கிறது வெறும் பேர் கிடையாது, உள்ள இருக்கிற வீடியோ எம்பெக்-2ங்கிற முறையில சுருக்கினதா இருக்கணும், அதை 2048 பைட் பொட்டலம் பொட்டலமா அடுக்கியிருக்கணும், கூடவே எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு சொல்ற ஐஎஃப்ஓ ஃபைல், அதோட நகலா பியூபி ஃபைல், எல்லாம் வீடியோ டிஎஸ்ங்கிற ஃபோல்டருக்குள்ள இருக்கணும். பிளேயர் முதல்ல அந்த ஐஎஃப்ஓ-வைத்தான் தேடும். அது இல்லைன்னா உங்க டிஸ்க் அதுக்கு டிவிடியே கிடையாது.

இந்த ஃபார்மட் 1996-ல ஜப்பான்ல கடைக்கு வந்தது. போன் வீடியோவைச் சுருக்கி எழுதுற எச்.264ங்கிற முறை வந்ததே 2003-ல. அந்தப் பிளேயர் உள்ள இருக்கிற சிப்புக்கு அதைப் பிரிக்கத் தெரியாது, கெஞ்சினாலும் தெரியாது.

சாஃப்ட்வேர் எது பெஸ்ட்னு எல்லாரும் கேப்பாங்க, அதுக்குக் கடைசியில வர்றேன். அதைவிட முக்கியமான ரெண்டு விஷயம் முதல்ல முடிவு பண்ணணும். எத்தனை டிஸ்க்? பாலா என்டிஎஸ்சியா (டிவி படத்துக்கு நாட்டுக்கு நாடு மாறுற ரெண்டு முறை, பால் நம்ம ஊர், என்டிஎஸ்சி அமெரிக்கா)? இந்தியான்னா பால், 720க்கு 576, விநாடிக்கு 25 ஃப்ரேம், ஜிஓபி (ஒரு முழுப் படமும் அதுக்கப்புறம் வர்ற மாற்றங்களும் சேர்ந்த கொத்து) 15 ஃப்ரேமுக்கு மேல போகக்கூடாது. ஆடியோ ஏசி-3 (டால்பி டிஜிட்டல்), 48 கிலோஹெர்ட்ஸ். எம்பி3, ஏஏசி ரெண்டும் டிவிடி வீடியோவுல செல்லாது. இப்போதைக்கு இதை வச்சுக்கோங்க, நாளைக்கு கணக்கு போடுவோம்.

6 ஜூன் 2016

கணக்கு.

டிஸ்க்ல 4.7 ஜிபின்னு போட்டிருக்கும், கம்ப்யூட்டர்ல போட்டா 4.38-னு காட்டும். யாரும் ஏமாத்தலை, கம்பெனிக்காரன் 470 கோடி பைட்டை ஆயிரம் ஆயிரமா எண்ணுறான், விண்டோஸ் 1024-ஆ எண்ணுது, அவ்வளவுதான். 470 கோடி பைட்டுன்னா 37,600 மெகாபிட். ஓரத்துல கொஞ்சம் விட்டுட்டு 36,000-னு வச்சுக்கோங்க. அதை மொத்த விநாடியால வகுங்க, வர்றதுதான் உங்க பிட்ரேட், அதாவது ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட்னு, வீடியோ ஆடியோ ரெண்டும் சேர்ந்து.

ரெண்டு மணி நேரம் = 7,200 விநாடி = 5 மெகாபிட். அருமையா இருக்கும்.
மூன்றரை மணி நேரம் = 12,600 விநாடி = 2.86 மெகாபிட். ஆடியோவுக்கு 192 கிலோபிட் போனா வீடியோவுக்கு 2.66தான் மிஞ்சும்.

கல்யாண வீடியோல 2.66 என்ன ஆகும்னா, சும்மா உக்காந்திருக்கிறவங்க முகம் நல்லாத்தான் இருக்கும், கலச அபிஷேகம் பண்றப்ப தண்ணி ஊத்துற அந்த இடம் வரும் பாருங்க, தண்ணி, கூட்டம், ஹோமப் புகை, போன் பிடிச்சவரோட கை நடுக்கம், எல்லாம் ஒரே நேரத்துல ஆடும், அப்ப முழுப்படமும் கட்டம் கட்டமா உடையும். சரியா பெரியப்பா பெரியம்மா முகத்துமேல உடையும். அசையாத ஷாட்டுக்கு பிட் கம்மியா போதும், புகைக்கும் தண்ணிக்கும் பூமாரிக்கும்தான் பிட் எல்லாம் போகுது, நம்ம விசேஷத்துல இருக்கிறதே அந்த மூணும்தான்.

அதனால ஒரே டிஸ்க்ங்கிற ஆசையை விடுங்க. ரெண்டா பிரிங்க. காலையில ஹோமம், அபிஷேகம், மாங்கல்யம் வரைக்கும் ஒண்ணு, ஆசீர்வாதம், பந்தி எல்லாம் இன்னொண்ணு. ஆளுக்கு 105 நிமிஷம், வீடியோவுக்கு 5.5 மெகாபிட் கிடைக்கும். இன்னொரு வெத்து டிஸ்க்குக்கு பெரிய செலவு ஆகாது.

6 ஜூன் 2016, கொஞ்ச நேரம் கழிச்சு

டபுள் லேயர் (ரெண்டு அடுக்கு) 8.5 ஜிபி டிஸ்க் இருக்கேன்னு ஒருத்தர் தனியா கேட்டார். இருக்கு. விலையும் ஜாஸ்தி, பழைய பிளேயர் பாதியில லேயர் மாறுற இடத்துல திக்கும், சிலது அங்கேயே நின்னுடும். கடையில அச்சடிச்ச சினிமா டிவிடியில டபுள் லேயர் ஓடுதேன்னு கேப்பீங்க, அது அச்சுல அழுத்தினது, நாம வீட்ல எழுதுறது சாயத்துல சுடுறது, பிரதிபலிப்பு அந்த அளவு இருக்காது. வேண்டாம்.

8 ஜூன் 2016

பால்னு எழுதினேன் இல்லையா, அதைக் கொஞ்சம் திரும்பப் பேசணும். நான் அதிகமா பண்ணினது விஎச்எஸ் கேசட்டு, மினிடிவி கேசட்டு மாத்துற வேலை. அதெல்லாம் நம்ம ஊர்ல எடுத்தது, பொறந்ததே 25 ஃப்ரேம், அதுக்குப் பால்தான், கேள்வியே இல்லை. ஆனா போன் எழுதுறது 30 ஃப்ரேம். 30-ஐ 25 ஆக்கணும்னா ஆறுக்கு ஒரு ஃப்ரேமைத் தூக்கி எறியணும். நின்னு பேசுற ஆளுக்கு தெரியாது, போனை இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் திருப்பி மண்டபத்தைக் காட்டுவாங்க பாருங்க, அப்ப படம் விக்கி விக்கிப் போகும்.

என்டிஎஸ்சியில 29.97 ஃப்ரேம், 720க்கு 480. 30-ல இருந்து 29.97-க்கு வர்றது ஒண்ணுமே இல்லை. வரி எண்ணிக்கை 576-ல இருந்து 480-ஆ குறையுதேன்னு தோணும், ஆனா டப்பா டிவியில ஓரமெல்லாம் ஓவர்ஸ்கேன்ல எப்படியும் வெட்டுப்படும், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. விக்கல் மட்டும் பளிச்சுன்னு தெரியும்.

ஆக போன் வீடியோன்னா என்டிஎஸ்சி, கேசட்டுன்னா பால். அதது எப்படிப் பொறந்துச்சோ அப்படியே விடுங்க. நம்ம ஊர் பிளேயர் ரொம்பக் காலமாவே ரெண்டையும் ஓட்டும். டிவிதான் பிரச்சனை, ரொம்பப் பழைய டிவின்னா என்டிஎஸ்சி கறுப்பு வெள்ளையா வரும், இல்லை படம் மேல மேல உருளும். பிளேயர் செட்டப் மெனுவுல டிவி டைப்னு ஒண்ணு இருக்கும், அதை ஆட்டோவுலயோ மல்டியிலயோ வச்சுப் பாருங்க. பெரியம்மா வீட்டுக்குப் போறப்ப வேற ஏதாவது என்டிஎஸ்சி டிஸ்க் ஒண்ணு கையில எடுத்துட்டுப் போய் போட்டுப் பாத்துடுங்க, அமெரிக்காவுல இருந்து யாராவது அனுப்பினது எந்த வீட்லயும் ஒண்ணு கிடக்கும்.

ரெண்டையும் ஒரே டிஸ்க்ல கலக்க வேண்டாம். இந்தப் பக்கம் 1980-கள்ல நடந்த கல்யாணக் கேசட்டு, அந்தப் பக்கம் போன் வீடியோன்னு போட்டு ஒரே மெனுவுல வைக்க ஆசையா இருக்கும். டிவிடி விதிப்படி ஒரு டிஸ்க்னா ஒண்ணு பால், இல்லை என்டிஎஸ்சி.

9 ஜூன் 2016

உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம். இதை முன்னாடியே சொல்லியிருந்தா நல்லாருக்கும், ஏன்னா கேக்குற பாதிப்பேர் இதுலதான் வந்து நிக்கிறாங்க. போன் 30 ஃப்ரேம்னு சொல்றது ஒரு பேச்சுக்குத்தான். வெளிச்சம் கம்மியானா அதுவே 24-க்கு இறங்கும், அப்புறம் ஏறும், ஒரே ஃபைலுக்குள்ள. மீடியாஇன்ஃபோன்னு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு, ஃபைலை அதுல போட்டா ஃப்ரேம் ரேட் மோட்ங்கிற வரியில வேரியபிள்னு காட்டும். அப்படிக் காட்டினா அதை முதல்ல கான்ஸ்டன்ட் ஆக்கிட்டுத்தான் அடுத்த வேலை. பண்ணலைன்னா ஆரம்பத்துல சரியா இருக்கும், இருபது நிமிஷம் போனதும் ஐயர் வாய் மூடினப்புறம் மந்திரம் வரும்.

ஹேண்ட்பிரேக் வச்சு கான்ஸ்டன்ட் பண்ணலாம். ஆனா ஹேண்ட்பிரேக்லயே டிவிடியும் பண்ணிடலாம்னு நெனைக்காதீங்க, அது டிவிடியில இருந்து ஃபைல் எடுக்கிற சாமான், ஃபைல்ல இருந்து டிவிடி பண்ணாது.

12 ஜூன் 2016

இப்ப சாஃப்ட்வேர். விண்டோஸ் விஸ்டாவுலயும் 7-லயும் டிவிடி மேக்கர்னு கூடவே வந்துச்சு, 8-ல எடுத்துட்டாங்க. இலவசத்துல டிவிடி ஸ்டைலர் போதும், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் இருக்கு. டிவிடி ஃப்ளிக் இன்னும் சுலபம், ஆனா பல வருஷமா அப்படியே கிடக்கு. நான் பண்றது கையால: எஃப்எஃப்எம்பெக்ல மாத்தி, டிவிடிஆத்தர்ல கட்டி, இம்ஜ்பர்ன்ல எழுதுறது. டிவிடி ஸ்டைலருக்கு உள்ளயும் ஓடுறது இந்த எஃப்எஃப்எம்பெக்கும் டிவிடிஆத்தரும்தான், மேல ஒரு பட்டன் போர்டு.

எஃப்எஃப்எம்பெக்ல டார்கெட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. என்டிஎஸ்சி-டிவிடின்னு கொடுத்தா 720க்கு 480, 29.97, ஜிஓபி 18, பொட்டலம் 2048, மொத்த மக்ஸ் ரேட் (எல்லாம் சேர்த்துக் கட்டின வேகம்) 10.08 மெகாபிட், ஆடியோ ஏசி-3 48 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் தானா வச்சுக்கும். ரெண்டு விஷயம் மட்டும் பாத்துக்கணும். வீடியோவை 6 மெகாபிட்டுக்கும் ஆடியோவை 448 கிலோபிட்டுக்கும் அதுவா வைக்கும், உங்க கணக்கு 5.5-ம் 192-ம், அதனால டார்கெட்டுக்குப் பின்னாடி உங்க எண்ணை எழுதுங்க, முன்னாடி எழுதினா டார்கெட் வந்து அழிச்சிடும். ரெண்டாவது, படத்தோட அகல உயர விகிதம் 16:9-ஆ (அகல டிவி) 4:3-யான்னு (டப்பா டிவி) அது கேக்காது, நீங்கதான் சொல்லணும்.

12 ஜூன் 2016, மறுபடி

போனை நட்டமா பிடிச்சு எடுத்த வீடியோ. இதைப் பத்தி எழுதணும்னா ஒரு புலம்பலே எழுதலாம். எல்லா வீட்லயும் ஒரு சித்தப்பா இருக்கார், அவர்தான் முக்கியமான இடத்துல நிப்பார், போனை நட்டமாத்தான் பிடிப்பார்.

டார்கெட் மட்டும் போட்டு விட்டா அந்தக் குச்சிப் படத்தை இழுத்து 720க்கு 480-ல அடைச்சிடும், எல்லாரும் பூசணிக்கா மாதிரி வருவாங்க. அதனால சுருக்கி நடுவுல வச்சு ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போடணும், எஃப்எஃப்எம்பெக்ல ஸ்கேல், பேட்னு ரெண்டு ஃபில்டர் இருக்கு. 16:9 ஃப்ரேமுக்குள்ள வச்சா அகலம் 228 பிக்சல்தான் வரும், 720-ல. 4:3 ஃப்ரேமுக்குள்ள வச்சா 304. எப்படி 304? டிவிடியில பிக்சல் சதுரம் கிடையாது, 720 அகலம்ங்கிறது 4:3-யா நீளும், அதனால 9:16 படத்துக்கு 720-ல கிட்டத்தட்ட நாற்பத்திரண்டு சதவீதம்.

இப்ப பெரியம்மா வீட்ல இருக்கிறது 4:3 டப்பா டிவி. நட்டப் படத்தை 16:9 ஃப்ரேம்ல வச்சுக் கொடுத்தா என்ன ஆகும்னா, பக்கத்துல நாம போட்ட பட்டை, மேலயும் கீழயும் பிளேயர் போடுற பட்டை, நடுவுல தபால் தலை அளவுக்கு சித்தப்பா எடுத்த படம். அதனால நட்டமா எடுத்ததையெல்லாம் தனியா ஒரு டைட்டில்செட்டா (டிஸ்க்ல ஒரே வகை வீடியோவைச் சேர்த்து வைக்கிற தொகுதி) 4:3-ல போடுங்க, படுக்கையா எடுத்ததை இன்னொரு டைட்டில்செட்டா 16:9-ல. ஒரே டைட்டில்செட்டுக்குள்ள ரெண்டும் கலக்கக்கூடாது, வேற வேற டைட்டில்செட்டா இருந்தா ஒரே டிஸ்க்ல இருக்கலாம்.

வரிசை கெட்டுப்போகுமேன்னு கேட்டா, ஆமா கெடும். நட்டப் படம் ரெண்டு மூணு துண்டுதான்னா பேசாம எல்லாத்தையும் 4:3-ல போட்டு, படுக்கைப் படத்துக்கு மேலயும் கீழயும் அறுபது அறுபது வரி கறுப்பு வச்சு 720க்கு 360-ஆ உள்ள வைங்க. நாளைக்கு பெரிய டிவி வாங்கினா நாலு பக்கமும் கறுப்பா தெரியும். இருக்கிற டிவிக்குப் பண்றதா வரப்போற டிவிக்குப் பண்றதாங்கிறது உங்க இஷ்டம், நான்னா இருக்கிறதுக்குத்தான் பண்ணுவேன், ஒரிஜினல் எம்பி4 எப்படியும் உங்ககிட்ட இருக்கு.

15 ஜூன் 2016

டிவிடிஆத்தர் எரர் பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. வீடியோ ஃபார்மட் சொல்லலைன்னு சொல்லி நின்னுடுது, பழைய டுடோரியல்ல அப்படி எதுவும் இல்லையேன்னு. பழைய வெர்ஷன் கேக்காது, 0.7-ல இருந்து கேக்கும். வீடியோ ஃபார்மட்ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள்ல பால் இல்லைன்னா என்டிஎஸ்சின்னு போடுங்க, அல்லது டிவிடிஆத்தருக்குக் கொடுக்கிற எக்ஸ்எம்எல் ஃபைல்லயே எழுதுங்க. சரியாகிடும்.

19 ஜூன் 2016

தமிழ் எழுத்து. இதுக்குத்தான் நேரம் ஆகும்.

டிவிடியில சப்டைட்டில்ங்கிறது எழுத்தே கிடையாது, படம். ஒரு வரிக்கு ஒரு படம், நாலே நாலு கலர், அதுல ஒண்ணு ஒண்ணுமில்லாத கலர். அதனால தமிழ் டிவிடிக்குத் தெரியாதேன்னு கவலையே வேண்டாம், தமிழை ஒழுங்கா படமா வரைஞ்சு கொடுக்கணும், அவ்வளவுதான் வேலை. அந்த வரையுற இடத்துலதான் வம்பு.

டிவிடிஆத்தர் கூட வர்ற ஸ்பியூமக்ஸ் எஸ்ஆர்டி ஃபைலை (வசனமும் அது வர்ற நேரமும் எழுதின ஃபைல்) படிச்சு அதுவே படம் வரையும். இங்கிலீஷுக்கு ஜோரா வரும். தமிழ் கொடுத்தா எழுத்தை ஒண்ணு ஒண்ணா வந்த வரிசையில வச்சிட்டுப் போயிடும், கொம்பைத் தூக்கி முன்னாடி வைக்கணும்னு அதுக்குத் தெரியாது. பெரியப்பான்னு எழுதினா ப வந்து, அதுக்கப்புறம் கொம்பு வந்து, அது போய் ரி-யோட ஒட்டிக்கும். தாத்தா காது கேக்காட்டி பரவால்ல, கண்ணுமா போச்சுன்னு நெனைப்பார்.

வழி ஒண்ணு: வீடியோமேலயே எழுத்தை எரிச்சிடுறது, அதாவது படத்தோடவே நிரந்தரமா பதிச்சிடுறது. எஃப்எஃப்எம்பெக்ல சப்டைட்டில்ஸ் ஃபில்டர் லிப்ஆஸ்ங்கிற நிரலை வச்சு வரையுது, அது தமிழை சரியா கோக்கும். எச்சரிக்கை, 720-க்குச் சுருக்குறதுக்கு முன்னாடி, ஒரிஜினல் அளவுலயே எழுத்தை எரிங்க, அப்புறம் சுருக்குங்க. மாத்திச் செஞ்சா எழுத்து நெளியும்.

வழி ரெண்டு: சப்டைட்டில் எடிட்ங்கிற சாஃப்ட்வேர்ல எஸ்ஆர்டியைத் திறந்து வாப்சப்பா (டிவிடி சப்டைட்டில் படங்கள்) ஏற்றுமதி பண்றது. அது விண்டோஸோட எழுத்துக் கோர்ப்பைப் பயன்படுத்துறதால கொம்பு கால் எல்லாம் அததோட இடத்துல நிக்கும். இல்லைன்னா வரிக்கு ஒரு பிஎன்ஜி படமா எடுத்து ஸ்பியூமக்ஸ்கிட்ட எழுத்தா கொடுக்காம படமா கொடுக்கலாம். இதுல லாபம் என்னன்னா ரிமோட்ல சப்டைட்டில் பட்டனை அமுக்கி அணைக்கலாம், தாத்தா இல்லாதப்ப. எஃப்எஃப்எம்பெக்லயே எஸ்ஆர்டியை நேரா டிவிடி சப்டைட்டிலா மாத்தலாம்னு முயற்சி பண்ணாதீங்க, எழுத்துல இருந்து எழுத்துக்கு, படத்துல இருந்து படத்துக்கு மட்டும்தான் மாத்துவேன்னு எரர் வரும்.

எழுத்து பெருசா இருக்கட்டும், நீங்க நெனைக்கிறதைவிட ஒன்றரை மடங்கு. மெல்லிசான ஃபாண்ட் போட்டா படுக்கைக்கோடு ஒரே வரியில விழுந்து டப்பா டிவியில நடுங்கும், கொஞ்சம் தடிப்பா எடுங்க. ஒரு தடவைக்கு ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். கீழ் விளிம்புல ஒட்டாதீங்க, டப்பா டிவி நாலு பக்கமும் கொஞ்சம் சாப்பிடும், பத்து சதவீதம் விட்டு மேல வைங்க.

20 ஜூன் 2016

மந்திரத்துக்கெல்லாம் சப்டைட்டில் போடணுமான்னு தம்பி கேக்குறார். யாரு என்ன பேசுறாங்கங்கிறதுதானே தாத்தாவுக்கு வேணும். மந்திரம் அவருக்கு நம்மளைவிட நல்லா தெரியும்.

26 ஜூன் 2016

மெனு. நெசமா வேணுமான்னு இன்னொரு தடவை யோசிங்க. டிஸ்க்கைப் போட்டதும் நேரா படம் ஓட ஆரம்பிக்கணும், அதுதான் வீட்டுப் பெரியவங்களுக்கு சௌகரியம். மெனு வச்சா, ரிமோட்ல ஓகே பட்டன் தேஞ்சு போயிருக்கும், பெரியம்மா பின்னாடி ஓடுற நாதஸ்வரத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டு இதுதான் படம்னு உக்காந்திருப்பாங்க. சாப்டர் மட்டும் வைங்க, நெக்ஸ்ட் பட்டன் அமுக்கினா தாவும். ஐந்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வைக்காம, ஹோமம், அபிஷேகம், மாலை மாத்துறதுன்னு இடம் பாத்து வைங்க. ஒரு டைட்டிலுக்கு 99 சாப்டர் வரைக்கும் வைக்கலாம், நமக்கு பத்து பதினஞ்சு தாராளம்.

வேணும்னே இருந்தா, பின்னணிப் படத்தை 720க்கு 480-ல வரையாதீங்க, 640க்கு 480-ல வரைஞ்சு அப்புறம் 720 அகலத்துக்கு இழுங்க (பால்னா 768க்கு 576-ல வரைஞ்சு 720-க்கு சுருக்கணும்). இல்லைன்னா வட்டமா வச்ச பெரியப்பா போட்டோ முட்டையா நிக்கும். பட்டன் மேல வர்ற ஹைலைட்டும் அதே நாலு கலர் சப்டைட்டில் வகைதான், நிழல், மினுமினுப்பு எல்லாம் அதுல போட முடியாது, தட்டையா ஒரு கலர், சுத்தி ஒரு கோடு.

3 ஜூலை 2016

எழுதுறது. வீடியோ டிஎஸ் ஃபோல்டர் கைக்கு வந்தாச்சு, அதை எக்ஸ்ப்ளோரர்ல இழுத்து டிஸ்க்ல போட்டு எழுதினேன், கம்ப்யூட்டர்ல ஓடுது பிளேயர்ல ஓடலைன்னு சொல்றீங்க. டிவிடி வீடியோன்னா ஃபைல் சிஸ்டம் (ஃபைலை டிஸ்க்ல அடுக்குற முறை) யுடிஎஃப் 1.02, ஐஎஸ்ஓ 9660-ம் கூடவே, ஃபைல்கள் டிஸ்க்ல ஒரு குறிப்பிட்ட வரிசையில உக்காரணும். இழுத்துப் போட்டா அது நடக்காது. இம்ஜ்பர்ன்ல பில்ட் மோட்ல ஃபோல்டரைக் கொடுங்க, டிவிடி வீடியோன்னு அதுவே புரிஞ்சுக்கிட்டு கேக்கும். லினக்ஸ்னா எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ்-ல டிவிடி-வீடியோங்கிற ஆப்ஷன்.

உள்ள வாப் ஃபைல் ஒவ்வொண்ணும் ஒரு ஜிபியோட அறுந்து நிக்குதே, சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சான்னு ஒரு கேள்வி. கெடலை, விதியே அதுதான். ஆடியோ டிஎஸ் காலியா இருக்கேன்னு இன்னொரு கேள்வி. காலியாத்தான் இருக்கும், அது டிவிடி ஆடியோங்கிற தனி ஜாதிக்கு.

எழுதுற வேகம் 4-ஓ 8-ஓ போதும். 16-ல எழுதினா ரெண்டு நிமிஷம் மிச்சமாகும், பழைய லென்ஸ் உள்ள பிளேயர் வெளிவிளிம்புப் பக்கம் போறப்ப திணறும், அதாவது கடைசி அரைமணி நேரம். முடிஞ்சா டிஸ்க்கை முழுசா ரொப்பாம 4.3 ஜிபியோட நிறுத்துங்க. ஃபைனலைஸ் (எழுதி முடிஞ்சதுன்னு டிஸ்க்கை மூடுறது) பண்ணாம விடாதீங்க. எழுதினதும் வெரிஃபை. டிஸ்க்மேல ஸ்டிக்கர் ஒட்டாதீங்க, சுத்துறப்ப ஒரு பக்கம் கனத்து ஆடும், மார்க்கர் பேனா போதும்.

சோதனைக்கு ஆர்டபிள்யூ (அழிச்சு எழுதுற) டிஸ்க் நல்லதுன்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்வேன், ஆனா அதோட பிரதிபலிப்பு ரொம்ப மங்கல், சில பழைய பிளேயர் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. ஆர்டபிள்யூ ஓடலைன்னா உடனே உங்க வீடியோவை சந்தேகப்படாம சாதா மைனஸ் ஆர்-ல (ஒரு தடவை மட்டும் எழுதுற டிவிடி-ஆர்) ஒண்ணு எழுதிப் பாருங்க.

4 ஜூலை 2016

மைனஸ் ஆரா பிளஸ் ஆரான்னு சண்டை வேண்டாம். பழைய பிளேயருக்கு மைனஸ். பிளஸ் ஆர்-தான் கையில இருக்குன்னா சில டிரைவ்ல புக்டைப்பை (இது எந்த வகை டிஸ்க்னு பிளேயருக்குச் சொல்ற குறி) டிவிடி ராம்... இல்லை, ராம்னா வேற டிஸ்க், டிவிடி ரோம். டிவிடி ரோம்னு மாத்தி எழுதலாம், இம்ஜ்பர்ன்ல அந்த வசதி இருக்கு, டிரைவ் ஒத்துக்கணும்.

17 ஜூலை 2016

"பிளேயர்ல யூஎஸ்பி ஓட்டை இருந்தா இவ்வளவு பாடு எதுக்கு"ன்னு ஒருத்தர் நக்கலா. நியாயமான கேள்விதான், இதை முதல்லயே தம்பிகிட்ட கேட்டிருக்கணும். யூஎஸ்பி இருந்தா பெரும்பாலும் எக்ஸ்விட்ங்கிற முறையில சுருக்கின ஏவிஐ ஃபைல் ஓடும், டிவ்எக்ஸ்னு முகப்புல லோகோ போட்டிருப்பான். அகலம் 720-க்குள்ள, ஆடியோ எம்பி3, எக்ஸ்விட் செட்டிங்ல க்யூபெல், ஜிஎம்சி ரெண்டையும் அணைச்சு வைங்க, மலிவு சிப்புக்கு அது ரெண்டும் ஆகாது. பென்டிரைவ் ஃபேட்32-ல இருக்கணும், அதனால ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எச்.264 அங்கயும் பெரும்பாலும் ஓடாது.

ஆனா எக்ஸ்விட் சப்டைட்டிலுக்கு பிளேயர் தன்னோட ஃபாண்ட்ல வரையும், அதுல தமிழ் கிடையாது, கட்டம் கட்டமா வரும். அப்ப எரிக்கிற வழி மட்டும்தான். அப்புறம் பென்டிரைவ்னா நாளைக்கே யாராவது அதுல பக்திப் பாட்டு ஏத்துறேன்னு அழிச்சிடுவாங்க. டிஸ்க்கை அழிக்க முடியாது.

9 அக்டோபர் 2016

தம்பி தகவல் சொல்லிட்டார், ரெண்டு டிஸ்க், என்டிஎஸ்சி, எழுத்தை எரிச்சே போட்டாராம், மெனு இல்லை. ஓடுது. டிவி செட்டிங்ல மட்டும் கொஞ்ச நேரம் படம் உருண்டுச்சாம்.

கேசட்டுக் கேள்வி ஒண்ணு பாக்கி. கேப்சர் கார்டு (கேசட்டுப் படத்தை கம்ப்யூட்டர்ல ஏத்துற கார்டு) வழியா எடுத்த பழைய கல்யாணத்தை டிவிடி ஆக்கினா, யாராவது நடந்தா மட்டும் முன்னாடி பின்னாடி துடிக்குதுன்னு. அது ஃபீல்ட் ஆர்டர். ஒரு ஃப்ரேம்ல ஒத்தைப்படை வரியெல்லாம் ஒண்ணு, இரட்டைப்படை வரியெல்லாம் ஒண்ணுன்னு ரெண்டு ஃபீல்ட், எது முதல்லங்கிறதுல குழப்பம். மினிடிவி எப்பவும் கீழ் ஃபீல்டை முதல்ல வைக்கும், எம்பெக்-2 பண்ற சாஃப்ட்வேர்ல நிறைய மேல் ஃபீல்டுதான் முதல்னு எடுத்துக்கும். கம்ப்யூட்டர்ல பாத்தா தெரியாது, டப்பா டிவியில உடனே தெரியும். மினிடிவி கேசட்டுன்னா என்கோடர்ல பாட்டம் ஃபீல்ட் ஃபர்ஸ்ட்னு (கீழ் ஃபீல்ட் முதல்ல) மாத்துங்க, போதும். இதுக்காக டீஇன்டர்லேஸ் (ரெண்டு ஃபீல்டையும் ஒரே படமாக்குறது) பண்ணிடாதீங்க, டப்பா டிவி இன்டர்லேஸ் சாமான், அதுக்கு அப்படியே கொடுத்தாத்தான் அசைவு வழவழன்னு இருக்கும்.

விசிடியா இருந்ததை டிவிடி ஆக்கினா தெளிவு கூடுமான்னும் கேட்டிருக்கீங்க. விசிடிங்கிறது 352க்கு 288, 1150 கிலோபிட் எம்பெக்-1. போனது போனதுதான். ஒரே ஒரு நல்ல விஷயம், 352க்கு 288 எம்பெக்-1 டிவிடியிலயும் செல்லும், வீடியோவை மறுபடி மாத்தவே வேண்டாம், ஆடியோவை மட்டும் 44.1-ல இருந்து 48-க்கு மாத்தி அப்படியே கட்டலாம். எங்க ஊர்ப்பக்கம் ஒரு ஸ்டுடியோ இந்த விசிடியைப் பெருசாக்கி டிவிடி குவாலிட்டின்னு தனியா காசு வாங்கிட்டு இருந்துச்சு, ஸ்டுடியோ பேர் வேண்டாம்.

11 நவம்பர் 2018

ரெண்டு வருஷம் கழிச்சு இந்தப் பக்கம் வந்தா இன்னும் கேள்வி வந்துட்டுத்தான் இருக்கு. வெத்து டிஸ்க் எது நல்லது? நாம அதிகமா வாங்கினது மோசர் பேயர், 2018-ல கம்பெனியையே கலைக்க உத்தரவு ஆகிடுச்சு. 2007 வாக்கில 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடின்னு சினிமா வித்தாங்களே, அதே கம்பெனிதான். கடையில தூசி படிஞ்சு கிடக்கிற பழைய டப்பாவை வாங்கினா, வெயில் படுற பக்கம் இருந்ததைத் தவிருங்க, சாயம் வெளிச்சத்துல போகும்.

60 ஃப்ரேம்ல எடுத்த போன் வீடியோவை என்ன பண்றதுன்னா, இது சுகமான கேஸ். 59.94 ஃபீல்டா மடிச்சு இன்டர்லேஸ் என்டிஎஸ்சி ஆக்குங்க, டிவியில லைவ் கிரிக்கெட் மாதிரி வழவழன்னு ஓடும். 4கே-ன்னாலும் கடைசியில 720க்கு 480தான், ஆனா பெருசுல இருந்து சுருக்கினது சின்னதா எடுத்ததைவிட சுத்தமாவே இருக்கும்.

அரை டி1 (பாதி அகல டிவிடி அளவு) பத்தி கேட்டவருக்கு: 352க்கு 480, பால்னா 352க்கு 576, ரெண்டும் டிவிடியில செல்லும். மூன்றரை மணி நேரத்தை ஒரே டிஸ்க்ல அடைச்சே ஆகணும்னா 2.66 மெகாபிட்ல முழு 720-ஐ விட இதுதான் கட்டம் கட்டமா உடையாம வரும், டப்பா டிவியில. 16:9-ங்கிற குறி (ஃபிளாக்) மட்டும் வைக்காதீங்க, அந்த அளவுக்கு 4:3 மட்டும்தான் விதி, பட்டையை நீங்களே உள்ள போட்டுடுங்க. ரெண்டு டிஸ்க்ங்கிறதுதான் இப்பவும் என் கட்சி.

12 நவம்பர் 2018

மேக்ல ஐடிவிடி இப்ப கிடையாதே, பர்ன்ங்கிற பேர்ல ஒண்ணு இலவசமா இருக்கு, அது போதுமான்னு கேட்டவருக்கு: போதும். டிவிடி டிரைவ் வெளிய இருந்து யூஎஸ்பியில மாட்டணும். அந்த சாஃப்ட்வேரோட பிரிஃபரன்ஸ் செட்டிங்ல பாலா என்டிஎஸ்சியான்னு இருக்கும், அதை முதல்ல பாருங்க.